உல்லைக் கரையில் எத்தனை பேருக்கு இடம்?

கல்முனையிலிருந்து தெற்கே போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் ஓர் ஆசனம் கிடைத்துவிட்டால், சகோதரிகளே, நம் கரையோரம் முழுவதையும் இருந்த இடத்திலிருந்தே பார்த்துவிடலாம். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் தோளோடு தோள் உரசி நிற்கும். ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்பதை அங்கே பிறந்தவர்தாம் சொல்ல முடியும். ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை கடந்து அக்கரைப்பற்றும் பின்னே போனதும் வீடுகள் விலகிக்கொள்ளும். வயலும் வெளியும் பற்றைக்காடும் வரும். திருக்கோவிலைத் தாண்டினால் கோமாரி. அதன் அருகே உள்ள சங்கமன்கண்டி முனைதான் இலங்கைத் தீவின் கிழக்கு அந்தம். அதற்கும் அப்பால் பொத்துவில். கல்முனையிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீற்றர்.

பொத்துவிலில் இறங்கி இன்னும் மூன்று கிலோமீற்றர் போனால் ஒரு நீண்ட பாலம் வரும். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். பாலத்துக்கு அப்பால் இருக்கும் சிறிய ஊரை நம்மவர்கள் உல்லை என்பார்கள். வெளியுலகத்துக்கு அது அறுகம்பை. பிறை போல் வளைந்த கரை. அந்தக் கரையில் இழுத்து வைத்த மீன்பிடி வள்ளங்கள். வள்ளங்களுக்குப் பின்னால் வரிசையாக விடுதிகள், உணவுச் சாலைகள். ஏப்ரல் தொடங்கி ஒக்டோபர் வரை அலைச்சறுக்கு விளையாட வரும் வெளிநாட்டவரால் அந்த ஒற்றைத் தெரு நிறைந்திருக்கும். 1970களிலேயே இந்த அலைகளைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். 2019 செப்டம்பரில் உலக அலைச்சறுக்குப் போட்டி ஒன்றே இங்கு நடந்தது.

வருபவர்களை வரவேற்பது நமது பழக்கம். வந்தவரைப் பசியோடு அனுப்பாத ஊர்கள் நம்முடையவை. ஆனால் வீட்டுக்கு விருந்தாளி வரும்போது, எத்தனை பேருக்குச் சோறு ஆக்கலாம், எத்தனை பேருக்குப் பாய் விரிக்கலாம், கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று ஒரு கணக்கை நீங்கள் மனதுக்குள் போடுவீர்கள் அல்லவா? அந்தக் கணக்கை ஓர் ஊரும் போட்டாக வேண்டும். இடம் சிறிதாக இருந்தால் கணக்குத் தப்புவதும் விரைவாக நடக்கும்.

ஒரு காலையில் தீவான ஊர்

2004 டிசம்பர் 26ஆம் திகதியை நம் கரையில் யாரும் மறக்க மாட்டார்கள். இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கடலோரத் தெருக்கள் தெருக்களாகவே அழிந்தன. அன்று அறுகம்பைப் பாலமும் சிதைந்தது. பாலம் போனதும் உல்லையும் அதற்குத் தெற்கே உள்ள பாணமையும் துண்டிக்கப்பட்டு ஒரு தீவைப் போல நின்றன. அமெரிக்க உதவியுடன் கட்டிய புதிய பாலம் 2008இல்தான் திறக்கப்பட்டது.

பாலத்தை விடப் பெரிய கேள்வி ஒன்று அப்போது எழுந்தது. கடலிலிருந்து வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது. மீனவக் குடும்பங்கள் கரையை விட்டு விலக வேண்டும். ஓரளவே சேதமடைந்த கட்டடங்களைத் திருத்திக்கொள்ளலாம். மீனவரின் ஓலைக் குடிசையும் ஓட்டு வீடும் முற்றாகப் போயிருந்தன. சீமெந்தால் கட்டிய விடுதிகள் பல மிஞ்சி நின்றன. இதனால் யாருக்கு நன்மை, யாருக்கு நட்டம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2005இல் கோமாரி முதல் பாணமை வரையான கரைக்கென்று ஓர் அபிவிருத்தித் திட்டம் வரையப்பட்டது. உயர்ந்த கட்டண ஹோட்டல்கள், கடல் விமானங்களுக்கான துறை, ஹெலிகொப்டர் இறங்குதளம் என்று அதில் பலவும் இருந்தன. வலையும் வள்ளமும் வைத்திருந்தவர்கள் எங்கள் கரை எங்களுக்கு வேண்டும் என்று எதிர்த்து நின்றார்கள். கனடாவைச் சேர்ந்த எழுத்தாளர் நயோமி கிளைன் 2007இல் வெளியிட்ட நூலில் இந்தக் கரைக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். பின்னர் அந்த 200 மீற்றர் விதி தளர்த்தப்பட்டது. திட்டமும் அந்தப் பெரிய உருவில் நிறைவேறவில்லை. ஆனால் வருபவர்களுக்காக ஊரா, ஊருக்காக வருபவர்களா என்ற அன்றைய கேள்வி இன்றும் அந்த மணலில் கிடக்கிறது.

தீவுகளைப் பார்த்துப் படிப்போம்

சிறிய இடம் ஒன்று எவ்வளவு தாங்கும் என்பதை அறியச் சின்னஞ்சிறு தீவுகளைப் பார்ப்பது நல்லது. முதலில் நம் மாகாணத்திலேயே ஒன்று. பெருநாள் விடுமுறையில் வேன் பிடித்துத் திருகோணமலைக்குப் போகும் குடும்பங்கள், நிலாவெளியிலிருந்து படகேறிப் புறாத்தீவுக்கும் போய் வருவது வழக்கம். கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரம்தான். 2003இல் அது தேசிய பூங்காவாக்கப்பட்டது. சுற்றிலும் முருகைக்கற்கள், அவற்றுக்கிடையே வண்ண மீன்களும் செட்டைநுனி கறுத்த சிறு சுறாக்களும் உலாவும்.

1998இல் கடல் வெப்பம் ஏறி, தெற்கிலும் மேற்கிலும் முருகைக்கற்கள் வெளிறி அழிந்தபோது, திருகோணமலைப் பகுதி பெரும்பாலும் தப்பியது. 2009இல் யுத்தம் முடிந்ததும் மனிதர் கூட்டம் வந்தது. முருகைக்கல் வெறும் கல் என்று எண்ணி அதன் மேல் ஏறி நின்றவர்கள் பலர். அது உயிர். கிளைவிடும் இனம் ஆண்டுக்குச் சில அங்குலமே வளரும்; பாறை போன்ற இனம் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே அதிகம். ஒரு பிள்ளை ஒரு முறை குதித்து உடைத்ததைக் கடல் திரும்பக் கட்டி முடிப்பதற்குள் அந்தப் பிள்ளை வளர்ந்து குடும்பக்காரனாகிவிடுவான்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் பொறாக்காய் என்றொரு தீவு. முழுப் பரப்பும் சுமார் பத்துச் சதுர கிலோமீற்றர். வெண்மணலைப் பார்க்க வந்த கூட்டத்துக்காக விடுதி மேல் விடுதி கட்டினார்கள். கழிவுநீரைக் கடலிலேயே விட்டார்கள். கடைசியில் 2018 ஏப்ரலில் அரசே தீவை ஆறு மாதங்களுக்கு மூடிவிட்டது. ஒக்டோபரில் திறந்தபோது ஒரு வேளையில் 19,215 உல்லாசப் பயணிகளுக்கு மேல் அங்கே இருக்கக் கூடாது என்று எண்ணிக்கை வகுத்தது. தாய்லாந்தின் மாயா குடாவும் அதே 2018இல் மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறந்தது. மனிதர் வராத அந்தக் காலத்தில், காணாமற்போன சுறாக்கள் தாமாகவே திரும்பி வந்தன. இப்போது படகுகள் குடாவுக்குள் நுழைய அனுமதியில்லை.

நமக்கு இன்னும் நெருங்கியது மாலைதீவு. மொழி வேறானாலும் மார்க்கத்தால் நம் அயலவர். 1972இல் அங்கே உல்லாசப் பயணத்துறை தொடங்கிய நாள் முதல் நீண்ட காலம் ஒரே ஒழுங்கு: விருந்தாளிக்கு ஒரு தீவு, ஊர் மக்களுக்கு வேறு தீவு. பழக்கவழக்கங்கள் மோதவில்லை, ஆனால் வருமானத்தில் ஊரவருக்குக் கிடைத்ததும் சிறிதே. 2009க்குப் பின் ஊர் மக்கள் வாழும் தீவுகளிலும் விடுதிகள் நடத்த அனுமதி கிடைத்தது. சாதாரணக் குடும்பங்களும் இரண்டு மூன்று அறைகளைக் கட்டி உழைக்கத் தொடங்கின. மாஃபுஷி போன்ற தீவுகளில் வெளிநாட்டவர் தம் விருப்பப்படி உடுத்திக் குளிக்கக் கரையின் ஒரு பகுதியை ஒதுக்கி மறைத்தார்கள். மற்றக் கரையில் ஊரின் ஒழுங்கே நடக்கும். மது ஊர்த் தீவுகளில் கிடையாது.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தலைநகரமும் விடுதிகளும் கொட்டிய குப்பைக்கு இடமின்றி, 1992இல் திலஃபுஷி என்ற கடலேரியையே குப்பையால் நிரப்பத் தொடங்கினார்கள். குப்பையால் ஒரு தீவு எழும்பிற்று. ஆண்டுக்கணக்காக அங்கே எரிந்த குப்பையின் புகை தலைநகர் வரை போனது.

கிணறும் குழியும்

இவற்றை எல்லாம் உல்லைக் கரையில் நின்று எண்ணிப் பாருங்கள். முதலில் தண்ணீர்.

நம் கரையோர மணலில் சில அடி தோண்டினால் நன்னீர் வரும். அது எங்கிருந்து வருகிறது? மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே உள்ள உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது, பாலின் மேல் ஆடை நிற்பது போல. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் அறிந்தவர்களின் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தாலோ, கீழிருந்து உப்பு நீர் நாற்பது அடி ஏறிவிடும். ஒரு குடும்பம் வாளியால் அள்ளும்வரை இந்த ஆடை கிழிவதில்லை. முப்பது அறைகளும் குளியலறைகளும் கொண்ட கட்டடம் ஒன்று மோட்டார் பூட்டி இரவு பகலாக இறைத்தால், பக்கத்து வீட்டு ராத்தாவின் கிணறுதான் முதலில் கரிக்கும்.

இதை நாம் ஏற்கெனவே கண்டிருக்கிறோம். சுனாமிக்குப் பின் கிழக்குக் கரையில் கிணறுகளைத் துப்புரவு செய்யும்போது, அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் உப்பு குறைவதற்குப் பதிலாகக் கூடிற்று. கீழே இருந்த உப்பு நீரை நாமே மேலே அழைத்துவிட்டோம்.

அடுத்தது மலசலகூடக் குழி. மணல் நிலம் எதையும் பிடித்து வைக்காது. குழியில் விழுவது மெல்ல மெல்லக் கிணற்றை நோக்கி நகரும். ஒரு விடுதிக்கு அனுமதி கொடுக்குமுன் அதன் வாசலழகைப் பார்ப்பதை விட, குழி எங்கே, அயலவரின் கிணறு எங்கே என்று அளந்து பார்ப்பது நல்ல பிரதேச சபைக்கு அழகு. கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம், சகோதரிகளே! பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் இரவெல்லாம் விழித்திருப்பவர் நீங்கள்தானே!

குப்பை எங்கே போகிறது?

விருந்து முடிந்ததும் பாத்திரம் கழுவுவது யார் என்று கேட்பது போன்ற கேள்வி இது. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காடு என்ற இடம் 2022 ஜனவரியில் உலகச் செய்திகளில் வந்தது. அயலூர்களின் குப்பை கொட்டப்படும் அந்தத் திடலில் காட்டு யானைகள் வந்து பொலித்தீனோடு சேர்த்து எச்சில் உணவைத் தின்கின்றன என்றும், எட்டு ஆண்டுகளில் சுமார் இருபது யானைகள் அதனால் இறந்துவிட்டன என்றும் அச்செய்தி சொன்னது. இறந்த யானையின் வயிற்றில் இருந்தவை சொப்பிங் பேக்கும் உணவு சுற்றிய பொலித்தீனும் பிளாஸ்டிக்கும். அவற்றில் எது வெளிநாட்டவருடையது, எது நம் வீட்டுடையது என்று யானைக்குத் தெரியாது.

பொத்துவிலைச் சுற்றியும் யானைக் காடுகள்தாம். மேற்கே லகுகல, தெற்கே குமண. உல்லையின் ஒற்றைத் தெருவில் ஒரு பருவத்தில் சேரும் தண்ணீர்ப் போத்தல்கள் கடலுக்குப் போகாவிட்டால் காட்டுக்குப் போகும். மூன்றாவது வழி ஒன்றை நாமே உண்டாக்க வேண்டும்: கண்ணாடிப் போத்தலில் வடிகட்டிய நீர் நிரப்பிக் கொடுக்கும் விடுதி, உக்கும் குப்பையை வேறாக்கிப் பசளையாக்கும் சமையலறை, பருவம் தொடங்குமுன்னே வண்டிக்கும் ஆட்களுக்கும் பணம் ஒதுக்கும் சபை. மாலைதீவு 2015 முதல் தங்குகிற ஒவ்வொருவரிடமும் இரவுக்கு இவ்வளவு என்று பசுமை வரி வாங்குகிறது. விருந்தாளி போடும் குப்பைக்கு விருந்தாளியே ஒரு பங்கு கொடுப்பதில் தவறென்ன?

கரை யாருக்கு?

1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டப்படி, கடலின் உயர்நீர் எல்லையிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டடம் எழுப்ப அத்திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இதை அறிந்து வைத்திருங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தூண் எழும்பும்போது உதவும்.

கரையில் கட்டும் எதுவும் அயலவரைத் தொடாமல் போவதில்லை. 2013இல் திறந்துவைக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தைப் பாருங்கள். கடலுக்குள் நீட்டிய அலைதடுப்பு அணைகளால் வடக்கு நோக்கி நகரும் மணல் மறிக்கப்பட்டது. துறைமுகத்தின் வாயில் மணலால் அடைபட, வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் கரையைக் கடல் தின்றது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. ஓரிடத்தில் போட்ட கல்லுக்கு இன்னோரிடத்தில் தென்னை விலையாயிற்று. அறுகம்பையின் மணல்மேடுகளை அள்ளுவதும் மட்டமாக்குவதும் அப்படித்தான். மணல்மேடும் கண்டல் காடும் கடலுக்கும் வீட்டுக்கும் இடையே நிற்கும் மதில்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. வள்ளம் இழுக்க இடம் வேண்டும். வலை காய இடம் வேண்டும். மாலையில் ஊர்ப் பெண்கள் பிள்ளைகளோடு வந்து கால் நனைக்கவும் இடம் வேண்டும். விடுதிக் கதிரைகள் கரையை நிறைத்துவிட்டால், பிறந்த ஊரின் கடலையே ஒரு பெண் தூரத்தில் நின்று பார்க்க நேரும். இதற்கு வெளிநாட்டவரைத் திட்டுவதால் பயனில்லை. நம் ஊரின் ஒழுங்கு என்ன என்பதை யார் அவர்களுக்குச் சொன்னார்கள்? தெருவில் எப்படி உடுப்பது, தொழுகை நேரத்தில் ஒலிபெருக்கியைக் குறைப்பது, குடும்பங்கள் வரும் பகுதி எது என்பவற்றைப் பள்ளிவாசல் நிருவாகமும் மீனவர் சங்கமும் விடுதிக்காரரும் ஒன்றாக உட்கார்ந்து எழுதி, விடுதி வாசல்களில் தொங்கவிட்டால் பெரும்பாலானோர் மதிப்பார்கள். மாலைதீவில் நடந்திருக்கிறது. அந்தக் கூட்டத்தில் பெண்களுக்கும் இருக்கை வேண்டும்.

காற்றைப் போன்ற வருமானம்

உல்லாசப் பயணிகளின் பணம் பருவக்காற்றைப் போன்றது. 2009 வரை யுத்தம், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள், 2020இல் கொரோனா, 2022இல் எரிபொருளுக்கு வரிசை. 2024 ஒக்டோபரில் அறுகம்பையில் தாக்குதல் நடக்கலாம் என்று அமெரிக்கத் தூதரகம் ஓர் எச்சரிக்கை விடுத்த உடனேயே அங்கே போவதற்குப் பலர் அஞ்சினார்கள். கடனெடுத்து அறைகள் கட்டியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஆகையால் மீன்பிடியையும் வயலையும் கைவிட்டு முழுக்க முழுக்க விடுதியை நம்புவது நல்ல குடும்பக் கணக்கு ஆகாது. இருக்கும் தொழிலோடு சேர்த்துச் செய்வதே நிலைக்கும். பொத்துவில் களப்பில் மீனவர்கள் தங்கள் தோணியிலேயே பயணிகளை ஏற்றிக் கண்டல் மரங்களையும் பறவைகளையும் காட்டுகிறார்கள். பயணி வராத நாளில் அதே தோணி மீனுக்குப் போகும். கண்டல் இருந்தால்தான் இறாலும் மீன்குஞ்சும் இருக்கும், பயணியும் வருவார். ஒன்றைக் காத்தால் இரண்டு வருமானம்.

பெண்களுக்கும் இத்தகைய வழிகள் உண்டு. மருதமுனையின் கைத்தறிச் சாரமும் சேலையும் நாடறிந்தவை. நம் கரையோரப் பெண்கள் இழைக்கும் பாய்களின் சாயக் கோலங்களைக் கண்டு மயங்காதவர் யார்? அறுகம்பையின் கடைகளில் தூர தேசத்திலிருந்து வந்த துணி தொங்குவதற்குப் பதிலாக இவை தொங்கட்டுமே! வீட்டிலிருந்தே இடியப்பமும் மீன் குழம்பும் ஆக்கிக் கொடுப்பதும் அப்படியே. பணம் தறிக்காரர் வீட்டுக்கும் அடுப்படிக்கும் வந்தால் அது ஊரில் தங்கும்.

உங்கள் வேன் புறப்படுமுன்

வெளிநாட்டவரைப் பற்றியே பேசிவிட்டோம். நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் முடிந்த கையோடு, கல்முனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் சம்மாந்துறையிலிருந்தும் கடற்கரைக்கு வேன் வேனாகப் போவது நாம்தானே! நாமும் விருந்தாளிகள்தாம். எனவே சில வேண்டுகோள்கள்.

சோற்றைப் பொலித்தீனில் கட்டாமல் வாழை இலையிலோ அடுக்குச் சட்டியிலோ எடுத்துச் செல்லுங்கள். தண்ணீரை ஒரு பெரிய கானில் கொண்டுபோய்க் கோப்பையில் ஊற்றிக் கொடுங்கள். ஒரு வெற்றுச் சாக்கை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கொண்டுபோனது எல்லாம் அதில் திரும்பி வரட்டும். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் தர்மம் என்று சிறு வயதில் நமக்கு ஓதித் தந்தார்கள். கடற்கரையும் பலர் நடக்கும் பாதைதான். புறாத்தீவுக்குப் போனால் முருகைக்கல்லில் கால் வைக்க வேண்டாம் என்று படகேறுமுன்னே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். உடைந்த துண்டையும் நினைவுக்கென்று எடுத்து வர வேண்டாம். வாங்குவதை அந்த ஊர்ப் பெண்களிடம் வாங்குங்கள். கூட்டம் நிறைந்த நாளென்றால் வேறொரு நாள் போங்கள். கடல் அங்கேதான் இருக்கும்.

உல்லையிலோ நம் கரையின் வேறெந்த ஊரிலோ வாழும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள் மேலதிகமாக. உங்கள் வட்டாரத்தில் எத்தனை விடுதிகள், எத்தனை கிணறுகள், அவற்றில் கரிப்பது எது, குப்பை வண்டி எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். ஒரு பருவம் முழுக்க எழுதினால் போதும். ஊருக்கு எத்தனை பேரைத் தாங்க முடியும் என்று பிரதேச சபையில் பேச்சு எழும்போது, அந்தக் கொப்பியை வாப்பாவிடமோ கணவரிடமோ கொடுத்தனுப்பாமல் நீங்களே கொண்டுபோய் மேசையில் வையுங்கள்.